கஞ்சாத் தொழிலில் சமூக நீதி மானியம்: பணம் யாருக்கு, எப்போது போய்ச் சேருகிறது?

கேள்வி இது: "நான் கலிபோர்னியாவில் ஃப்ரீமாண்டில் இருக்கிறேன். முன்பு கஞ்சா வழக்கில் தண்டனை பெற்றவர்களுக்குக் கஞ்சாத் தொழில் தொடங்க அரசே மானியம் தருகிறது என்கிறார்கள். என் நண்பர் ஒருவர் ஓக்லண்டில் அந்தத் திட்டத்தின் கீழ் உரிமம் எடுத்திருக்கிறார், என்னையும் பங்குதாரராக அழைக்கிறார். அந்தப் பணம் நிஜமாகவே கைக்கு வருகிறதா? அதை நம்பி இறங்கலாமா?"

மானியம் உண்மை. கைக்கும் வருகிறது. ஆனால் அதை நம்பித் தொழில் தொடங்கியவர்களில் பலர் திணறினார்கள். தொகை போதாது என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், பணம் வந்த நேரமும் வந்த விதமும். சிறு தொழில்களுக்குக் கணக்குப் பார்ப்பது என் வேலை. இந்தத் துறையின் வரவு செலவுப் புத்தகங்களைப் பக்கம் பக்கமாகப் பார்த்ததால் இதை உறுதியாகச் சொல்கிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் எழுத வேண்டியிருக்கிறது. உங்கள் நண்பர் எந்த நிலையில் இருக்கிறார் என்பது புரியாமல் நீங்கள் கையெழுத்துப் போடக்கூடாது.

இப்படி ஒரு மானியம் ஏன் வந்தது என்பதிலிருந்து தொடங்கலாம். ஓக்லண்ட் நகரத்தில் கறுப்பினத்தவரும் வெள்ளையரும் ஏறக்குறைய சம அளவில், ஒவ்வொருவரும் மக்கள்தொகையில் சுமார் 30 சதவீதம் இருந்தார்கள். 2015-ல் அங்கே கஞ்சாவுக்காகக் கைதானவர்களில் 77 சதவீதம் பேர் கறுப்பினத்தவர், வெள்ளையர் 4 சதவீதம். நகர நிர்வாகம் தானே எடுத்து வெளியிட்ட கணக்கு இது. நாடு முழுக்கவும் நிலைமை வேறல்ல. 2018-ல் ஒரு வெள்ளையரைவிட ஒரு கறுப்பினத்தவர் கஞ்சாவுக்காகக் கைதாகும் வாய்ப்பு மூன்றரை மடங்குக்கும் மேல் என்று ஏசிஎல்யூ என்ற சிவில் உரிமை அமைப்பு கணக்கிட்டது. இரு தரப்பும் கஞ்சா பயன்படுத்தும் அளவில் பெரிய வித்தியாசம் கிடையாது.

கைது அன்றோடு முடிந்துபோகிற விஷயம் இல்லை. வழக்கு இருந்தால் வாடகைக்கு வீடு கிடைக்காது, வேலைக்கு எடுக்க மாட்டார்கள். பத்து வருடம் சம்பாதித்துச் சேர்த்திருக்க வேண்டிய முதல் சேரவே இல்லை. இந்த நிலையில் 2016 நவம்பரில் கலிபோர்னியா மக்கள் கஞ்சாவைச் சட்டபூர்வமாக்கும் 64-ஆம் முன்மொழிவுக்கு வாக்களித்து, 2018 ஜனவரி 1 முதல் கடைகளில் விற்பனை தொடங்கியது. நேற்றுவரை எதற்காக ஒருவரைக் கைவிலங்கு போட்டுக் கூட்டிப் போனார்களோ, அதையே இன்னொருவர் கண்ணாடி அலமாரியில் வைத்து விற்கிறார். அந்த இன்னொருவர் யார் என்று பார்த்தால், கையில் லட்சக்கணக்கான டாலர் வைத்திருந்தவர். இதை அநியாயம் என்று சொல்ல எனக்குத் தயக்கமே இல்லை. மானியத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது. அது யாருக்கோ காட்டுகிற கருணை என்று நினைத்துவிடாதீர்கள்.

சரி, யார் இதற்குத் தகுதியானவர்? கறுப்பினத்தவர் என்றால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். கலிபோர்னியாவில் அப்படி எழுத முடியாது. 1996-ல் நிறைவேறிய 209-ஆம் முன்மொழிவு, அரசு வேலையிலும் கல்வியிலும் ஒப்பந்தங்களிலும் இனத்தைக் காரணமாக வைத்து முன்னுரிமை தருவதைத் தடை செய்துவிட்டது. ஆகவே ஓக்லண்ட் 2017-ல் நாட்டிலேயே முதல் முறையாக இந்தத் திட்டத்தைக் கொண்டுவந்தபோது வேறு அளவுகோல்களை எடுத்துக்கொண்டது. விண்ணப்பிப்பவர் ஓக்லண்டில் வசிக்க வேண்டும். வருமானம் நகரத்தின் இடைநிலை வருமானத்தில் 80 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. அதோடு, 1996 நவம்பர் 5-க்குப் பிறகு ஓக்லண்டில் கஞ்சா வழக்கில் தண்டனை பெற்றிருக்க வேண்டும், அல்லது போலீஸ் கெடுபிடி அதிகமாக இருந்த 21 ரோந்துப் பகுதிகளில் கடைசி 20 ஆண்டுகளில் 10 ஆண்டு வாழ்ந்திருக்க வேண்டும். போலீஸ் எங்கே அதிகம் கைது செய்ததோ அந்த வரைபடத்தையே தகுதிச் சான்றாக மாற்றிவிட்டார்கள். இந்தத் துறையில் யாராவது நல்ல யோசனையாக ஒன்று செய்தார்கள் என்றால், என் கணக்கில் அது இதுதான்.

முதல் கட்டத்தில் உரிமங்களில் பாதி இவர்களுக்கு என்று ஒதுக்கினார்கள். ஆனால் உரிமம் என்பது ஒரு காகிதம். அதை வைத்துக் கடை திறக்க இடம் வேண்டும். பள்ளிக்கூடத்திலிருந்து இவ்வளவு தூரம் தள்ளி, அதற்கென ஒதுக்கிய மண்டலத்துக்குள் இருக்க வேண்டும். கஞ்சாவுக்கு விடச் சம்மதிக்கும் கட்டட உரிமையாளர்கள் குறைவு, சம்மதிப்பவர் வாடகையை ஏற்றிக் கேட்பார். அப்புறம் பாதுகாப்புக் கேமரா, பெட்டகம், தீயணைப்பு வேலை, கட்டட அனுமதி, நகர உரிமம், மாநில உரிமம், ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டணம். மத்திய அரசின் சட்டப்படி கஞ்சா குற்றப் பொருளாக இருந்ததால் பெரிய வங்கிகள் கடன் தராது, மத்திய அரசின் சிறு தொழில் கடனும் கிடையாது. வீட்டை அடமானம் வைக்கலாம் என்றால், இவர்களில் பெரும்பாலோருக்குச் சொந்த வீடே இல்லை.

இந்த இடத்தில்தான் முதலீட்டாளர் உள்ளே வருகிறார். நீங்களும் அந்த இடத்தில்தான் நிற்கிறீர்கள், அதனால் இதைக் கவனமாகப் படியுங்கள். சமூக நீதி உரிமத்துக்கு முன்னுரிமை உண்டு என்று தெரிந்ததும் பணம் உள்ளவர்கள் தகுதியுள்ளவர்களைத் தேடிப் போனார்கள். பெயர் அவருடையது, முடிவெல்லாம் இவருடையது. நமக்குப் பழக்கமான சொல்லில் சொன்னால் பினாமி. காகிதத்தில் பாதிப் பங்கோ அதற்கு மேலோ தகுதியுள்ளவர் பெயரில் இருக்கும். கூடவே ஒரு மேலாண்மை ஒப்பந்தம், ஒரு கடன் பத்திரம், "இத்தனை மாதத்தில் கடனைத் திருப்பாவிட்டால் பங்கு எனக்கு" என்று ஒரு ஷரத்து. லாபம் எந்த வழியாக வெளியே போகிறது என்பது அந்த மூன்றையும் சேர்த்துப் படித்தால்தான் தெரியும். ஒரு பெண்மணி அப்படி ஒரு கட்டுக் காகிதத்தை என் மேசையில் வைத்தார். கையெழுத்துப் போட்டு ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. முதல் பக்கத்தில் அவர் பாதி முதலாளி, பதினேழாம் பக்கத்தில் அவருக்கு மாதச் சம்பளம் மட்டும். அதைப் படித்துக் காட்டிய அந்த மாலை இன்னும் எனக்கு மறக்கவில்லை.

ஓக்லண்ட் இதற்கு ஒரு வழி யோசித்தது. பணம் உள்ள பொது விண்ணப்பதாரர் ஒருவர், தகுதியுள்ள ஒருவருக்கு 1,000 சதுர அடி இடத்தை மூன்று ஆண்டு வாடகையில்லாமல் கொடுத்தால், அவருக்கும் உரிமத்தில் முன்னுரிமை. சில இடங்களில் இது நன்றாக நடந்தது. வேறு சில இடங்களில் கொடுத்த இடம் தொழிலுக்கு லாயக்கில்லாமல் இருந்தது. அடுத்தவர் தயவில் நடக்கும் உதவி அப்படித்தான் ஆளுக்கு ஆள் மாறும். தனியாரை நம்பியே எல்லாம் நடக்காது, அரசே பணம் போட வேண்டும் என்ற குரல் இங்கிருந்துதான் வலுத்தது.

2018-ல் மாநில செனட்டர் ஸ்டீவன் பிராட்ஃபோர்ட் கொண்டுவந்த எஸ்பி 1294 சட்டமானது. கலிபோர்னியா கஞ்சா சமூக நீதிச் சட்டம் என்று அதற்குப் பெயர். அதன் கீழ் முதலில் 1 கோடி டாலர் ஒதுக்கினார்கள். 2020 ஏப்ரலில், ஆளுநரின் தொழில் வளர்ச்சி அலுவலகம் வழியாக 3 கோடி டாலர் அறிவித்தார்கள். அதில் ஓக்லண்டுக்கு ஏறக்குறைய 65 லட்சம், லாஸ் ஏஞ்சலஸுக்கு 60 லட்சம், சான் பிரான்சிஸ்கோவுக்கு 50 லட்சம், மீதி சாக்ரமென்டோ, லாங் பீச், ஹம்போல்ட் போன்ற இடங்களுக்கு. அடுத்த ஆண்டுகளிலும் தொடர்ந்தது.

இதில் கவனிக்க வேண்டியது, மாநிலம் தனி ஆளுக்குப் பணம் தருவதில்லை. நகரத்துக்கு அல்லது கவுண்டிக்குத் தருகிறது, அவர்கள்தான் பிரித்துக் கொடுக்க வேண்டும். அதிலும் அந்த நகரம் ஏற்கெனவே ஒரு சமூக நீதித் திட்டம் வைத்திருக்க வேண்டும், அல்லது உருவாக்கிக்கொண்டிருக்க வேண்டும். கலிபோர்னியாவில் பெரும்பாலான நகரங்கள் கஞ்சாக் கடையையே அனுமதிப்பதில்லை. அப்படி ஒரு நகரத்தில் ஐந்து வருடம் சிறையில் இருந்துவந்த ஒருவருக்கு இந்தத் திட்டத்தில் ஒரு காசு கிடையாது. பாதிப்பு மாநிலம் முழுக்க நடந்தது, பரிகாரம் மட்டும் நகர எல்லையோடு நின்றுவிடுகிறது. இந்தச் சட்டத்தில் எனக்குள்ள பெரிய வருத்தம் இது.

நகரத்துக்கு வந்த பணமும் உடனே இறங்காது. நகர மன்றம் ஒப்புதல் தர வேண்டும், விதிகள் எழுத வேண்டும், கொடுப்பதற்கு ஒரு நிறுவனத்தை அமர்த்த வேண்டும், விண்ணப்பம் வாங்கிச் சரிபார்க்க வேண்டும். சில நகரங்களில் தவணை தவணையாகக் கொடுப்பார்கள், முதல் தவணைக்கு ரசீது காட்டினால்தான் அடுத்தது. மாதங்கள் ஓடும். கட்டட உரிமையாளர் மாதக் கடைசியில் வாடகை கேட்பார், நகர மன்றக் கூட்டம் தள்ளிப்போனது என்று அவரிடம் சொல்லிப் பயனில்லை.

லாஸ் ஏஞ்சலஸில் 2019 செப்டம்பரில் நடந்தது இதன் உச்சம். சில்லறைக் கடை உரிமம் 100, முதலில் வருபவருக்கே முதலில் என்று இணையத்தில் விண்ணப்பம் வாங்கினார்கள், 802 பேர் போட்டி போட்டார்கள். நிமிடங்களில் முடிந்துபோன அந்தப் பந்தயத்தில் சிலருக்கு முன்கூட்டியே உள்ளே நுழைய முடிந்தது என்று தெரிந்ததும் வழக்கும் விசாரணையுமாகிவிட்டது. ஆனால் போட்டியைவிடக் கொடுமையானது அதற்கு முன்பே வைத்திருந்த நிபந்தனை. விண்ணப்பிக்கும்போதே கடைக்கு இடம் கையில் இருக்க வேண்டும், குத்தகைப் பத்திரம் காட்ட வேண்டும். உரிமம் கிடைக்குமா என்றே தெரியாமல் நூற்றுக்கணக்கானவர்கள் காலிக் கட்டடத்துக்கு மாதா மாதம் வாடகை கட்டினார்கள். கடன் வாங்கிக் கட்டினார்கள், பங்கை விற்றுக் கட்டினார்கள். அவர்களில் சிலருக்குப் பின்னால் மானியம் வந்தபோது, ஏற்கெனவே தின்றுவிட்ட வாடகைக்கே அது போதவில்லை. அதே தொகை விண்ணப்பத்துக்கு முன்னால் வந்திருந்தால், பங்கை யாரிடமும் விற்க வேண்டியே இருந்திருக்காது.

இனி வரி விஷயம். இது என் துறை, கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

1981-ல் மினியாப்பொலிஸைச் சேர்ந்த ஒரு போதைப்பொருள் வியாபாரி, தன் தொழில் செலவுகளை வருமானத்தில் கழித்துக்கொள்ள வரி நீதிமன்றம் அனுமதித்தது. அதைப் பார்த்து அதிர்ந்த அமெரிக்கக் காங்கிரஸ், 1982-ல் வருமான வரிச் சட்டத்தில் 280ஈ என்ற பிரிவைச் சேர்த்தது. மத்திய சட்டத்தின் முதல் இரண்டு அட்டவணைகளில் உள்ள போதைப்பொருளை விற்பவர் வாடகை, சம்பளம், மின்கட்டணம் எதையும் கழிக்க முடியாது, சரக்கின் அடக்க விலையை மட்டுமே கழிக்கலாம். மாநில உரிமம் வாங்கிச் சட்டப்படி நடத்தும் கஞ்சாக் கடையையும் அந்தப் பிரிவு அப்படியே பிடித்துக்கொண்டது.

இப்போது மானியத்தை இதற்குள் வைத்துப் பாருங்கள். ஒரு தொழிலுக்கு அரசு தரும் மானியம் மத்திய வரியில் பொதுவாக வருமானம். 50,000 டாலர் மானியம் வருகிறது, முழுவதையும் வாடகைக்குக் கொடுத்துவிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பூக்கடை என்றால் வரவு 50,000, செலவு 50,000, வரி இல்லை. கஞ்சாக் கடை என்றால் வரவு 50,000, செலவு கணக்கிலேயே வராது. கம்பெனியாகப் பதிந்திருந்தால் 21 சதவீதம், அதாவது 10,500 டாலர் வரி. பணம் கட்டட உரிமையாளரிடம் போய்விட்டது, வரி நோட்டீஸ் மட்டும் இவருக்கு வருகிறது. மாநிலம் ஒரு கையால் கொடுத்ததில் ஐந்தில் ஒரு பங்கை மத்திய அரசு இன்னொரு கையால் எடுத்துக்கொள்கிறது. கஞ்சாவை மூன்றாம் அட்டவணைக்கு மாற்றும் முன்மொழிவை மத்திய அரசு 2024 மே மாதம் வெளியிட்டது. ஒரு தொழில் அந்த மாற்றத்துக்குள் வரும்போதுதான் 280ஈ அதை விடும். மானியங்கள் அதிகமாகக் கொடுக்கப்பட்ட ஆண்டுகளில் இந்தச் சுமை முழுசாக இருந்தது, பழைய ஆண்டுகளின் வரிப் பாக்கியோடு நிற்பவர்கள் இருக்கிறார்கள். உங்கள் நண்பர் அப்படி ஒருவரா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்படியானால் எது உதவியது? ஓக்லண்ட் முதலில் வட்டியில்லாக் கடன் கொடுத்தது, 1 லட்சம் டாலர் வரை. வட்டி இல்லை என்றாலும் கடன் கடன்தான், கடை திறப்பதற்குள் தவணை வந்து நின்றது. பிறகு மாநிலப் பணம் வந்ததும் திருப்பித் தர வேண்டாத மானியமாகவும் கொடுத்தார்கள். எனக்கு அதைவிடப் பிடித்தது, பலர் சேர்ந்து பயன்படுத்தும் சமையல்கூடங்களுக்கு அந்தப் பணத்தைச் செலவழித்தது. கஞ்சா சேர்த்த தின்பண்டம் செய்ய உரிமம் பெற்ற சமையலறை வேண்டும், தனி ஆளால் அதைக் கட்ட முடியாது. நகரமே ஏற்பாடு செய்த அடுப்பில் முறை வைத்துச் சமைத்தால் வாடகையும் இல்லை, பினாமியும் தேவையில்லை. சரக்கு செய்ய ஆன செலவு அடக்க விலைக்குள் வருவதால் வரியிலும் கடைக்காரரைவிட இவர்கள் நிலை மேல்.

இன்னொன்று பலர் கண்ணில் படாதது. 2022-ல் வந்த ஏபி 195 சட்டம், மாநில உரிமக் கட்டணத்திலிருந்து விலக்குப் பெற்ற சமூக நீதிக் கடைக்காரர்கள் வாடிக்கையாளரிடம் வசூலிக்கும் கலால் வரியில் 20 சதவீதத்தைத் தாங்களே வைத்துக்கொள்ளலாம் என்றது. 2023 தொடங்கி மூன்று ஆண்டுகளுக்கு. யாரும் மேடை போட்டு அறிவிக்கவில்லை, காசோலையோடு படம் எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் விற்க விற்க வந்த பணம், ஒவ்வொரு காலாண்டிலும் தவறாமல் வந்த பணம். ஒரு முறை விலக்குக்குத் தகுதி பெற்றுவிட்டால் எந்த நகர மன்றத்துக்காகவும் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. நான் கணக்குப் பார்த்த வரையில் ஒரு சிறு கடை மூச்சு விட உதவியது இந்த மாதிரிப் பணம்தான்.

நகரத்தை மட்டும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். வடக்கே ஹம்போல்ட் கவுண்டியில் கதை வேறு. அங்கே மலைக்காட்டுக்குள் தலைமுறையாகக் கஞ்சா பயிரிட்ட சிறு விவசாயிகள், பெரும்பாலும் வெள்ளையர். 1983 முதல் 'கேம்ப்' என்ற பெயரில் போலீஸ் படை ஹெலிகாப்டரில் வந்து செடியை வெட்டி, வீடு புகுந்து சோதனை போட்டார்கள். அந்தப் பகுதியின் குழந்தைகள் ஹெலிகாப்டர் சத்தத்துக்குப் பயந்து வளர்ந்தவர்கள். அங்கே மாநில மானியம் தண்ணீர்த் தொட்டிக்கும் சூரிய மின்தகட்டுக்கும் போனது, அது அவர்களுக்குத் தேவையானதும்கூட. ஆனால் 2021 கடைசியில் மொத்த விலை சரிந்தபோது தொட்டி இருந்து என்ன, விளைந்ததை விற்றால் செலவுக்கே கட்டவில்லை.

மற்ற மாநிலங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இல்லினாய் 2019-ல் சட்டம் போட்டபோதே கஞ்சா வரி வருவாயில் 25 சதவீதத்தைப் பாதிக்கப்பட்ட பகுதிகளுக்கு என்று எழுதிவைத்தது, பாராட்ட வேண்டிய ஏற்பாடு. ஆனால் உரிமத் தகுதியில் ஓட்டை விட்டுவிட்டார்கள். பாதிக்கப்பட்ட பகுதி ஆட்களை வேலைக்கு வைப்பதாகச் சொன்னாலே பெரிய முதலாளியும் சமூக நீதி விண்ணப்பதாரர் ஆகிவிடலாம். நியூயார்க் 20 கோடி டாலர் நிதி அறிவித்தது, 5 கோடி அரசுடையது, 15 கோடி தனியாரிடம் திரட்ட வேண்டியது. அது கடை கட்டக் கடனாகத்தான் இறங்கியது, அந்தக் கடனின் சுமை குறித்துக் கடைக்காரர்கள் கசந்துதான் பேசுகிறார்கள். நியூஜெர்சி 2,50,000 டாலர் வரை மானியமாகவே கொடுத்தது.

தொழில் மானியம் மட்டுமே நீதி என்றும் நான் நினைக்கவில்லை. கஞ்சா வழக்கில் சிக்கிய எல்லோரும் கஞ்சா விற்க ஆசைப்படுவதில்லை. பலருக்குத் தேவை பழைய வழக்கை அழிப்பது, ஒரு வேலை, மனநல உதவி. 64-ஆம் முன்மொழிவுக்குள்ளேயே அதற்கும் பணம் உண்டு. 2018-19-ல் 1 கோடி டாலரில் தொடங்கி ஆண்டுக்கு 1 கோடி கூடி 5 கோடி வரை உயரும் சமூக மறுமுதலீட்டு மானியம், உள்ளூர் அமைப்புகளுக்குப் போகிறது. 2018-ல் வந்த ஏபி 1793, பழைய தண்டனைகளை அரசே தேடிக் குறைக்கவோ நீக்கவோ வேண்டும் என்றது. இந்த இரண்டும் கடை மானியத்தைவிட அதிகம் பேரைத் தொடுகின்றன.

இனி உங்கள் விஷயம்.

நீங்கள் அமெரிக்கக் குடிமகன் இல்லை என்றால், ஹெச்-1பி விசாவோ கிரீன் கார்டோதான் இருக்கிறது என்றால், இந்தப் பேச்சை இங்கேயே நிறுத்திக் குடியேற்ற வழக்கறிஞரைப் பாருங்கள். மாநிலத்தில் சட்டபூர்வமானாலும் கஞ்சாத் தொழிலில் ஈடுபடுவது குடியுரிமை கேட்கும்போது தேவைப்படும் நன்னடத்தைக்குத் தடையாகலாம் என்று 2019 ஏப்ரலில் குடியேற்றத் துறை வெளிப்படையாக எழுதியது. பங்கு வைத்திருப்பதும் ஈடுபாடுதான். நம் ஆட்கள் பலர் இது தெரியாமல் பேச்சுவார்த்தை வரை போய்விடுகிறார்கள்.

குடிமகன் என்றால், நண்பரிடம் சில காகிதங்கள் கேளுங்கள். மானிய ஒப்பந்தம், அதில் எத்தனை தவணை பாக்கி, எதற்குச் செலவழிக்கலாம் என்ற பட்டியல், கடந்த மூன்று ஆண்டு மத்திய வரிக் கணக்கு, குத்தகைப் பத்திரம், ஏற்கெனவே யாருக்காவது பங்கை எழுதிக் கொடுத்த கடன் பத்திரம் இருந்தால் அது. மானியம் வந்த அன்றே அதில் ஐந்தில் ஒரு பங்கைத் தனிக் கணக்கில் ஒதுக்கிவைத்தாரா என்று கேளுங்கள். வரவேண்டிய மானியத்தை வரவாக வைத்துக் கணக்குப் போடாதீர்கள், வந்தபின் எழுதிக்கொள்ளலாம்.

அவரிடம் நீங்கள் போடும் ஒப்பந்தத்தை அவர் சார்பில் ஒரு தனி வழக்கறிஞர் படிக்கட்டும், அந்தக் கட்டணத்தை நீங்கள் கொடுங்கள். கடன் திரும்பாவிட்டால் அவர் பங்கு உங்களுக்கு என்ற ஷரத்தை எழுத வேண்டாம். கடை திறக்கும்வரை வாடகை உங்கள் பொறுப்பு, திறந்த ஆறாம் மாதத்திலிருந்து கணக்குத் தீர்ப்பது என்று வையுங்கள். இந்தத் தொழிலில் சேர அவர் கொடுக்க வேண்டிய விலையை ஏற்கெனவே கொடுத்துவிட்டார். உரிமத்தில் அவர் பெயர் இருக்கிற இடத்தில், சாவியும் வங்கிக் கணக்கும் அவர் கையிலேயே இருக்க உங்களுக்குச் சம்மதம் என்றால் மட்டும் போங்கள்.